கடை பூட்ஸ்

உலகத்திலேயே அதிக மீட்சித்தன்மை உள்ள பொருள் ரப்பர்தான் என்று மக்கள் பரவலாக நம்புகிறார்கள். இது தவறு. சாதாரணத் தவறு அல்ல, எத்தனையோ குடும்பங்கள் நிம்மதி கெட்டுக் கிடப்பதற்கே இந்தத் தவறு காரணமாக இருக்கக்கூடும். இழுத்த இழுப்புக்கெல்லாம் நீள்வதற்குப் பெயர் மீட்சி அல்ல. இழுப்பை எதிர்த்து நிற்க வேண்டும், விட்டதும் பழைய அளவுக்குத் துல்லியமாகத் திரும்ப வேண்டும். அந்தக் கணக்கில் எஃகின் பக்கத்தில்கூட ரப்பர் வர முடியாது. பதினோராம் வகுப்புப் பையன்களுக்கு வருடம் தவறாமல் இதைச் சொல்லிக்கொடுக்கிறவள் கோகிலவாணி. ஆகவே பட்டாலியன் தலைமையிடத்து ஹாலில், குடும்ப நல நாள் என்று பெயர் போட்ட பேனருக்குக் கீழே, சென்னையிலிருந்து வந்திருந்த கவுன்சலர் ஷர்மிளா மேடம் திரையில் ஒரு சிவப்பு ரப்பர் பந்தைக் காட்டி, “இது யாருன்னு தெரியுதா? இது நீங்கதான். எவ்வளவு அழுத்தினாலும் திரும்ப எழும்புறீங்க இல்லையா?” என்றபோது, அவளுடைய வலது கை திருத்துவதற்காகத் தானே மேலே கிளம்பியது. பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கையைப் பிடிக்க முடிந்தது, மனசைப் பிடிக்க முடியவில்லை. அது ஹாலை விட்டு இறங்கி, சிங்காநல்லூர் பஸ்ஸைப் பிடித்து, வீட்டுச் சமையல்கட்டுக்குள் போய் நின்றது. கேஸ் ரெகுலேட்டரை அணைத்தோமா? அணைத்தது நன்றாக நினைவிருக்கிறது. விரல்களுக்குள் அந்தத் திருகல் இன்னும் இருக்கிறது. ஆனால் அது இன்றைக்கு அணைத்ததா, நேற்று அணைத்ததா? தினமும் ஒரே மாதிரி செய்கிற காரியத்துக்கு இதுதான் கஷ்டம், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு எது எந்த நாள் என்று பிரிக்கவே வராது. அணைத்திருந்தால் பிரச்சினை இல்லை. அணைக்காவிட்டால், வீட்டுக்குள் மாமனார் இருக்கிறார், வெளியே பூட்டு தொங்குகிறது, சாவி இதோ இந்தக் கைப்பையில் இருக்கிறது. பைக்கு மேலாகவே தடவிப் பார்த்தாள். இருந்தது. இருப்பதுதான் பயமாக இருந்தது.

“மூச்சை மெதுவா உள்ள இழுங்க” என்றார் ஷர்மிளா மேடம். நாற்பது பெண்களும் இழுத்தார்கள். “பிடிங்க.” பிடித்தார்கள். பிடித்த மூச்சோடு கோகிலவாணி தன் மாமனாரைப் பூட்டிவிட்டு வந்ததைப் பற்றி யோசித்தாள். பூட்டிவிட்டு என்ற சொல் ஒரு மனிதருக்குப் பொருந்துமா? வீட்டைப் பூட்டினேன், அவர் வீட்டுக்குள் இருந்தார். இப்படிச் சொன்னால் கொஞ்சம் பரவாயில்லை, இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகள் போல. வாசலில் கிரில் கேட் மட்டும்தான் பூட்டு, உள்கதவு திறந்துதான் இருக்கிறது, காற்று வருகிறது, டிவி ஓடுகிறது, தண்ணீர் சொம்பு எட்டுகிற தூரத்தில். ஒரு குறையும் இல்லை, பூட்டைத் தவிர. மாமனார் ராக்கியப்பன், மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டருக்கே நூலைத் தடவிப் பார்த்து நம்பர் சொன்னவர். இன்று காலை சட்டையின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று கேட்டார். அதைக்கூட மரியாதையாகத்தான் கேட்டார். “ஏனம்மணி, இது இப்படிங்ளா?” அம்மணி. அங்கேதான் சிக்கல். முன்பும் அவளை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். ரேஷன் கடைப் பெண்ணையும் அம்மணி என்றுதான் கூப்பிடுவார். ஆகவே அவருக்கு இன்றைக்குத் தன்னைத் தெரிகிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழியும் இல்லை. தெரிந்துகொள்ளவும் அவள் அவசரப்படவில்லை. “விடுங்க” என்றார் மேடம். விடுங்க என்று சொல்லி வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும், எல்லாரும் விட்டுவிட்டிருந்தார்கள். அவள் மட்டும்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, செத்துக்கித்து வைக்காத. ஆம்புலன்ஸ் வேற இல்ல இன்னைக்கு” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து காளீஸ்வரி அக்கா முழங்கையால் இடித்தாள். காளீஸ்வரி சுபேதாரின் மனைவி, சிவகங்கைப் பக்கம். இந்தப் பட்டாலியன் பெண்களுக்கெல்லாம் அவள்தான் முதல் கவுன்சலர். சம்பளம், திரை, பந்து எதுவும் கிடையாது. டெரிடோரியல் ஆர்மி என்றால் என்னவென்று கோகிலவாணிக்குப் புரியவைத்ததே அவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கணவன் திருமூர்த்தி சொன்னது, மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், வருடத்தில் கொஞ்ச நாள் கேம்ப் போவேன், அவ்வளவுதான். பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற ஆள், கொஞ்ச நாள் காக்கிப் பச்சை போட்டுக்கொண்டு எங்கேயோ ஓடிவிட்டு வருவான், தேகத்துக்கு நல்லதுதானே என்று அவளும் நினைத்திருந்தாள். கூப்பிட்டால் பட்டறையைச் சாத்திவிட்டு இரண்டு வருடம் வடக்கே போய் நிற்க வேண்டும் என்பது, கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு ஆரம்பத்திலிருந்தே பட்டாளம். பாதிப் பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு அது மழை மாதிரி, துணி காயப்போட்ட நாளாகப் பார்த்து வரும். அவன் கிளம்பிய அன்று காளீஸ்வரி அவளை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று. “போன்ல கெட்டது பேசாத. அழுகணுமா, எங்கிட்ட வந்து அழு. போன்ல சிரி. வீட்டுல எல்லாரும் சௌக்கியம், முடிஞ்சுபோச்சு.” இந்தச் சட்டத்துக்கு ஆதாரமாக ஒரு கதையும் உண்டு. யாரோ ஒருத்தி, ஓட்டு வீடு ஒழுகுகிறது என்று போனில் சொல்லிவிட்டாளாம், அவன் அதையே நினைத்துக்கொண்டு காவலில் நின்று, கால் தவறிப் பள்ளத்தில் விழுந்தானாம். ஒருமுறை சொல்லும்போது கால் முறிந்தது, இன்னொருமுறை இடுப்பு, போன பொங்கலுக்குச் சொன்னபோது ஆளே இல்லை. ஆதாரம் மாறிக்கொண்டே இருந்தாலும் சட்டம் மாறவில்லை. கோகிலவாணியும் மீறியதில்லை. வாரம் ஒருமுறை அவன் பேசுவான், அப்பா எப்படி இருக்காரு என்பான், நல்லா இருக்காருங்க, இப்பத்தான் சாப்பிட்டுத் தூங்கறாரு என்பாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அவர் தூங்கிக்கொண்டே இருப்பதைப் பற்றித் திருமூர்த்தி சந்தேகப்படவில்லை. நல்ல மகன்கள் அப்படித்தான் போலும்.

பொழுது சாயும்போது மாமனார் மகனைத் தேட ஆரம்பித்துவிடுவார். என்ற பையன் இன்னும் வல்லியே, பட்டறையிலிருந்து வர்ற நேரமாச்சே. வடக்கே போயிருக்கார் மாமா என்றால், வடக்கென்றால் ஊருக்குள்ளேயே இருக்கும் கணபதியா என்று கேட்பார். ஒருநாள் அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது வெளியே போய்விட்டார். எங்கெங்கோ தேடினாள். கடைசியில் பஸ் ஸ்டாண்டில், இறங்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நின்றிருந்தவரை ஒரு கண்டக்டர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, “திருச்சி ரோட்டை இவராவே தாண்டி வந்திருக்காருங்க, லாரிக்காரன் பிரேக் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்குது” என்றார். கேட்ட நாளிலிருந்து அந்தச் சத்தம் அவள் காதுக்கு வந்துவிட்டது. குக்கர் விசிலுக்கு முன்னால் வரும் சீறலில்கூட அது இருக்கிறது. அந்த வாரமே பூட்டு வாங்கினாள். கடைக்காரர் என்ன சைஸுங்க என்று கேட்டார். ஒரு ஆளுக்கு என்ன சைஸ் பூட்டு?

“உங்களுக்காக, உங்களுக்கே உங்களுக்காக, தினமும் என்ன செஞ்சுக்கறீங்க?” என்று மேடம் மைக்கை நீட்டிக்கொண்டே வந்தார். யாரோ கோலம் போடுவேன் என்றார்கள், யாரோ பாட்டு கேட்பேன் என்றார்கள். காளீஸ்வரி மைக்கை வாங்கி, “பல்லு வெளக்குறேன் மேடம்” என்றாள். ஹால் சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டு அதையும் குறித்துக்கொண்டார். கோகிலவாணியின் முறை வந்தபோது அவள், “செருப்பு அடுக்குவேனுங்க” என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று விழித்தாள். ஆனால் பொய் இல்லை. சற்று முன்கூட ஹாலுக்குள் நுழையும்போது, வாசலில் கன்னாபின்னாவென்று கிடந்த நாற்பது ஜோடிகளில் ஏழெட்டை அவள் கால் விரலாலேயே சேர்த்து நேராக்கிவிட்டுத்தான் வந்தாள். லேபுக்கு வெளியே பையன்கள் கழற்றிப்போடுவதை நேராக்குவாள். வீட்டில் திருமூர்த்தி கழற்றி எறிவதை, எறிகிறானே என்று திட்டிக்கொண்டே நேராக்குவாள். நேராக இல்லாத ஜோடியைப் பார்த்தால் அவள் கைக்கு அரிக்கும். அதுவும் ஒரு நோய்தானோ? ஷர்மிளா மேடத்திடம் தனியாகக் கேட்கலாம். ஆனால் செருப்பில் ஆரம்பித்தால் பூட்ஸில் போய் நிற்கும், பூட்ஸில் போனால் பூட்டு வரும். வேண்டாம்.

பூட்ஸ். அதுதான் இப்போது குடைகிறது, ரெகுலேட்டர்கூட அடுத்ததுதான். பூட்டு வாங்கிய வாரம், மழை விட்டு வெயில் வந்த ஒரு சாயங்காலம், பரணில் பூஞ்சை பிடித்துக் கிடந்த திருமூர்த்தியின் பழைய ஜோடியை எடுத்து, பால் பொங்கிய வாசனை வரவும் போர்ட்டிகோவில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் மாமனார் அதைப் பார்த்துவிட்டார். “வந்துட்டானா?” என்றார். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்து சோற்றைப் போடச் சொன்னார், சாப்பிட்டார், தூங்கினார். கேட்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிரவு அவளும் தூங்கினாள். ஒரு ஜோடித் தோல் பூட்ஸுக்கு இவ்வளவு வீரியமா! அடுத்த நாளே பாலிஷ் டப்பாவும் பிரஷும் வாங்கி, பூஞ்சையைத் துடைத்து, முகம் தெரியுமளவுக்குத் தேய்த்து, லேஸை அழகாக முடிந்து, வாசல்படிக்கு நேராகச் சேர்த்து வைத்தாள். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “இது யாரு பூட்ஸுங்க?” என்றார். உங்க பையனோடதுதான் மாமா. “இல்ல அம்மணி. இது கடை பூட்ஸு.” அன்றிலிருந்து தினமும் வைக்கிறாள், தினமும் அவர் அதே பதிலைச் சொல்கிறார். கடை பூட்ஸு. சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கிறார். அதே பூட்ஸ், அதே இடம், அதே நேரம், அதே மனிதர். முதல் நாள் வேலை செய்தது ஏன் மறுநாள் செய்யவில்லை? நினைவு தேய்கிறது, அதுதான் காரணம், இன்றைக்கு பூட்ஸ், நாளைக்கு மகனே போய்விடுவான், பிறகு மகன் வந்து நின்றாலும் கடை மகன் என்பார். இதைத் திருமூர்த்தியிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் திரும்பி வரும்போது உங்களை அவருக்குத் தெரியாது என்று எந்த வாரம், எந்த நிமிடத்தில், எந்தச் சிரிப்போடு சொல்வது? போனவாரம் கேட்டை ஆட்டியிருக்கிறார். பூட்டு மாட்டும் கொண்டி லேசாக வளைந்திருக்கிறது. இன்றைக்கு இன்னும் கொஞ்சம் ஆட்டினால்? எஃகுக்கும் ஒரு மீட்சி எல்லை உண்டு. அதைத் தாண்டி இழுத்தால் விட்ட பிறகும் திரும்பாது, இழுத்த கோலத்திலேயே நின்றுவிடும். இதுவும் பதினோராம் வகுப்புப் பாடம்தான். இரண்டு மதிப்பெண்.

அப்போதுதான் மேஜர் மைக்கைப் பிடித்து, தன் மலையாளத் தமிழில், இன்று ஒரு சர்ப்ரைஸ் உண்டு என்று அறிவித்தார். அங்கிருக்கும் ஆட்களோடு வீடியோவில் பேசலாம், ஒருத்தருக்கு இரண்டு நிமிடம், வரிசையாக வரவும். ஹாலில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. பெண்கள் அவசரமாகத் தலையைச் சரிசெய்தார்கள். கைப்பைகளிலிருந்து பவுடர் டப்பாக்கள் வந்தன. மூலையில் ஒரு மேசை, அதன் மேல் லேப்டாப். மறைப்பு எதுவும் கிடையாது, முன்னால் பேசுகிறவள் பேசுவது பின்னால் நிற்கிறவளுக்கு முழுசாகக் கேட்டது. எல்லாரும் காளீஸ்வரியின் சட்டப்படியே பேசினார்கள். சௌக்கியம், சௌக்கியம், பசங்க நல்லாப் படிக்குதுங்க, சௌக்கியம். காளீஸ்வரிதான் முதலில் போனாள். தென்னைக்கு உரம் வைத்ததைச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்து, வரிசையை மேற்பார்வை பார்க்க அங்கேயே நின்றுகொண்டாள். கோகிலவாணி ஒத்திகை பார்த்தாள். நல்லா இருக்கோமுங்க. அப்பா தூங்கறாரு. இல்லை, பட்டப்பகலில், ஹாலில் இருந்து பேசும்போது அவர் தூங்குவது இவளுக்கு எப்படித் தெரியும்? எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கறாங்க. எதிர்வீட்டு அக்கா ஊரில் இல்லை, ஆனால் அது அவனுக்குத் தெரியாது. நல்ல பொய். பொய்யிலும் நேராக அடுக்கிவைத்த பொய்.

திரையில் திருமூர்த்தி இருந்தான். காது வரை மூடிய குல்லா, கன்னம் உள்ளே போயிருந்தது, பின்னால் பச்சைத் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. “அம்மணி” என்றான். அவன் வாயிலும் அதே சொல்தான். “நல்லா இருக்கறயா? அப்பா எங்க?”

“வூட்லீங்க.”

“தனியாவா? யாரு பாத்துக்கறா?”

எதிர்வீட்டு அக்கா என்ற சொற்கள் வாய்க்குள் தயாராக இருந்தன. “பூட்டிட்டு வந்திருக்கறனுங்க” என்றாள் கோகிலவாணி.

முதுகில் காளீஸ்வரியின் பார்வை படுவது தெரிந்தது. இனி நிறுத்தி என்ன? பஸ் ஸ்டாண்டைச் சொன்னாள், லாரியைச் சொன்னாள், பூட்டைச் சொன்னாள், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வதைச் சொன்னாள், பூட்ஸையும் சொன்னாள், உங்களுதுன்னு சத்தியம் பண்ணினாலும் கடை பூட்ஸுன்னு சொல்றாருங்க, அவருக்கு எதுவும் நினைவில்லீங்க, நான் என்னங்க பண்ணட்டும். பேசப் பேசப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி வேகம் கூடிப்போனது. திருமூர்த்தி அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தாள், ஆனால் தார்ப்பாய் ஆடிக்கொண்டிருந்தது.

“எத்தன நாளா இது?” என்றான். பிறகு, பதிலுக்குக் காத்திராமல், “எங்கிட்ட ஏம்புள்ள சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னாங்க.”

“எவன் சொன்னான்?” அவன் குல்லாவைக் கழற்றித் தலையைத் தேய்த்துக்கொண்டான். முன்பக்கம் முடி குறைந்திருந்தது. அவனும்தான் சொல்லவில்லை. “சரி. அந்த பூட்ஸ எப்படி வெச்ச?”

“எப்படின்னா? பாலிஷ் போட்டு, லேஸ் கட்டி, சோடியா, படிக்கு நேரா.”

திரையில் அவன் முகம் கோணியது. அழப்போகிறான் என்று பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். “அட கூறுகெட்டவளே. என்ற பூட்ஸ என்னிக்கு நீ சோடியாப் பாத்திருக்கற? ஒண்ணு படியில, இன்னொண்ணு கேட்டுக்கிட்ட குப்புற. சாக்ஸ் ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. பன்னண்டு வருசமா அதுக்குத்தான வையற? அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு, அது கடை பூட்ஸுதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அப்பாவுக்கு நெனப்பு இருக்குது, அம்மணி. லீவு கேட்டுப் பாக்கறேன். கெடைக்குமான்னு தெரியல. நீ அந்தப் பூட்ட…” அங்கே மேஜர் கைக்கடிகாரத்தைக் காட்டினார், படம் போய்விட்டது.

கோகிலவாணி மேசையை விட்டு எழுந்தாள். ஒரு பரிசோதனையில் எதை மாற்றினோம் என்று முதலில் பார், பிறகு பொருளைக் குறை சொல் என்று ஆண்டுதோறும் அடித்துச் சொல்கிறவள். அவள் மாற்றியது பூட்ஸ் கிடந்த கோலத்தை, அதைத் தன் கையாலேயே மாற்றிவிட்டு, ஒரு பெரியவரின் மூளையைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். காளீஸ்வரி முந்தானை நுனியை முறுக்கினாள். பிறகு போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். “அக்கா, நீங்கதான் பேசியாச்சே” என்று யாரோ சொன்னதற்கு, “தென்னையப் பத்தித்தான் பேசினேன். நீ திரும்பி நில்லுடி” என்றாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. ரெகுலேட்டர், கொண்டி, கேட், லாரி. சிக்னலில் ஒவ்வொரு பிரேக் சத்தத்துக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது. தெருமுனையிலிருந்தே பார்த்தாள். கிரில் கேட் மூடியிருந்தது, கம்பிகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவள் பக்கத்தில் வந்ததும் ராக்கியப்பன் கும்பிட்டார். “வாங்கோ. யாரைப் பாக்கோணும்? என்ற மருமவ பள்ளிக்கோடத்துக்குப் போயிருக்கறா. வந்துருவா, உக்காருங்கோ.” உட்காரச் சொன்னாரே தவிர நடுவில் பூட்டு இருந்தது. இரண்டு பேரும் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார்கள். அவள் திறந்து உள்ளே போனாள். ரெகுலேட்டர் அணைந்துதான் இருந்தது. காலையில் வைத்த பூட்ஸ் படிக்கு நேராக, பளபளவென்று, இரண்டு மாணவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவர் முகம் கழுவப் போனதும் ஒன்றை எடுத்து லேஸை அவிழ்த்து, கேட்டுப் பக்கம் எறிந்தாள். அது நேராக நின்றது. மறுபடி எறிந்தாள், மறுபடியும் நின்றது. அடியில் கனம், மேலே இலகு. விழாமல் நிற்பதற்காகவே செய்த பொருள். விரலால் தள்ளிப் படுக்கவைக்கலாம்தான், ஆனால் அது அடுக்கியதாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, தன் வாழ்நாளில் எந்தப் பொருளையும் எறியாத வேகத்தில் சுவரில் வீசினாள். மோதித் திரும்பி, குப்புறக் கவிழ்ந்து, அடிப்பாகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பாலிஷ் போன இடத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பரணிலிருந்து ஒற்றைச் சாக்ஸைத் தேடி எடுத்து வந்து விசிறினாள். மற்றதைத் தேடவில்லை. கை அரித்தது. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

ராக்கியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். குப்புறக் கிடந்ததைப் பார்த்தார், படியில் இருந்ததைப் பார்த்தார், சாக்ஸைத் தாண்டிக் காலை வைத்தார். “எத்தன சொன்னாலும் இவனுக்குப் புத்தி வராது, அம்மணி” என்றார். பிறகு கேட்டுக்குப் போய், வளைந்த கொண்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, உள்பக்கமாகத் தானே தாழ்போட்டுவிட்டு வந்தார்.